ரோமுக்கு வராத மூன்று பேர்

1987 ஜனவரி முதல் வாரம். நியூ ஜெர்சியில் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வெஸ்ட் வின்ட்சரில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் குடியிருந்தோம். என் கணவர் இன்ஜினீயர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. சென்னையிலிருந்து வந்து பத்து வருடம் ஆகியும் லீவு விட்டால் ஒன்று இந்தியா, இல்லாவிட்டால் யாராவது சொந்தக்காரர் வீட்டு சோபா என்றே காலம் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம்தான், ஏப்ரலில் குழந்தைகளுக்கு ஸ்கூல் லீவு விடும்போது ஒரு வாரம் ரோம் போய் வரலாம் என்று எனக்கு ஆசை வந்தது. எங்களுக்கு என்று எழுத வந்தேன். உண்மையில் எனக்குத்தான். என் கணவருக்கு அந்த ஒரு வாரமும் வீட்டில் படுத்துத் தூங்கினால் போதும்.

நான் ஒரு காரியத்தில் இறங்கினால் தலைகால் புரியாமல் இறங்குகிறவள். லைப்ரரியிலிருந்து நான்கு புத்தகங்கள் எடுத்து வந்தேன். ஒரு பெரிய சார்ட் பேப்பரில் நாள்வாரியாகத் திட்டம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு சர்ச்சுக்கு மேல் பார்க்கக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு ஐஸ்கிரீம். மத்தியானம் கடைகளை மூடிவிடுவார்களாம், அந்த நேரத்தில் தூக்கம். சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு. இதற்கெல்லாம் சமையலறை உள்ள வீடாக வேண்டுமே! டிராவல் ஏஜென்ட் அம்மாள் ஒரு வீடு சொன்னார். ஸ்டேஷன் பக்கம், மூன்று பெட்ரூம், நல்ல அடுக்களை. ஆனால் ஆறு பேருக்குக் குறைந்தால் தரமாட்டார்களாம்.

நாங்கள் நான்கு பேர். உடனே எனக்கு ஞாபகம் வந்தது எதிர் பிளாக்கில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவன், மனைவி, என் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் ஒரு பெண். கொழும்பில் பெரிய வேலையில் இருந்தவர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்து, இரண்டு பைகளோடு கிளம்பி இங்கே வந்தவர்கள். அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணா ஒரு வேர்ஹவுஸில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். எதைச் சொன்னாலும் லேசாகச் சிரிப்பார்.

அன்று சாயந்தரமே போய்ச் சொன்னேன்.

"அண்ணா, நாம ரெண்டு ஃபேமிலியும் சேர்ந்து ரோம் போறோம். நான் எல்லாம் பிளான் பண்ணிட்டேன். நீங்க பெட்டியத் தூக்கிட்டு வந்தாப் போதும்."

அவர் அக்காவைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பாப்பம் தங்கச்சி" என்றார்.

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் முக்கால்வாசி சரி என்று அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அவர்கள் பெண்ணிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். பெற்றவர்கள் வாய் திறப்பதற்குள் குழந்தையிடம் சொல்லிவிட்டால் பிறகு அவர்களால் மறுக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். இன்றைக்கும் என்னைக் குத்துவது அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

அந்தப் பெண் ரோமைப் பற்றி என்னைவிட அதிகம் படித்தது. ஸ்கூல் லைப்ரரியில் இருந்த ஒரு மேப்பைப் பார்த்துப் பெரிய தாளில் கலர் பென்சிலால் வரைய ஆரம்பித்தது. என் மகளும் அதுவும் சேர்ந்து வகுப்பில் எழுந்து நின்று 'நாங்கள் ரோம் போகிறோம்' என்று பேசிவிட்டு வந்தார்கள். டீச்சர் கைதட்டச் சொன்னாராம்.

இதற்கு நடுவில் நானும் என் கணவரும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இத்தாலி விசா வாங்க நியூயார்க்கில் குளிரில் வரிசையில் நின்றுவிட்டு வந்தோம். குழந்தைகள் இங்கே பிறந்தவர்கள், அமெரிக்கப் பாஸ்போர்ட், அவர்களுக்கு விசா தேவையில்லை. நமக்கு மட்டும் ஏன் இந்தத் தலையெழுத்து என்று பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். அந்த அக்காவிடமும் போய் அரைமணி நேரம் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தேநீர் கொடுத்தார்.

டிராவல் ஏஜென்ட் எல்லோருடைய பாஸ்போர்ட் விவரமும் கேட்டார். நான் அண்ணாவைக் கேட்டேன். "பாப்பம்" என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "பாப்பம் தங்கச்சி." எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. வரேன், வரலை என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு?

ஜனவரி கடைசி சனிக்கிழமை ஒரு ஸ்கூல் கேஃபெடீரியாவை எடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பொங்கல் கொண்டாடினோம். நாற்பது பேர் இருப்போம். சாப்பாடு முடிந்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது யாரோ எங்கள் ரோம் பயணத்தைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. எழுந்து நின்று கையைத் தட்டினேன்.

"எல்லாரும் கேளுங்க! நாங்க ரெடி. அண்ணாதான் பாஸ்போர்ட்ட லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டு சாவியத் தொலைச்சிட்டார் போலருக்கு. மூணு வாரமா கேக்கறேன், கண்ல காட்ட மாட்டேங்கறார். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

ஹாலே சிரித்தது. ஒருவர், "அண்ணே, அந்தச் சாவிய நான் தேடித் தரேன்!" என்று எடுத்துக் கொடுத்தார். போன கோடையில் மூன்று குடும்பமாக நயாகரா போனபோது, நாங்களெல்லாம் பாலத்தைத் தாண்டிக் கனடா பக்கம் போய்ப் பார்த்தோம். இவர்கள் மட்டும் 'எங்களுக்கு இந்தப் பக்கமே காணும்', அதாவது போதும், என்று சொல்லிவிட்டு ஒரு பெஞ்சில் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். அதையும் ஒருவர் ஞாபகப்படுத்தினார். மறுபடியும் சிரிப்பு.

அண்ணாவும் சிரித்தார். அக்கா மட்டும் எழுந்து பாத்திரம் கழுவப் போனார். நான்கு பாத்திரத்துக்கு இந்த அம்மாளுக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் டிராவல் ஏஜென்ட் கொடுத்த விண்ணப்பப் பாரங்களை எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்கே போனேன். இன்றைக்கு வாங்காமல் வருவதில்லை என்ற வைராக்கியம். அண்ணா வேலைக்குப் போகவில்லை, உடம்பு சரியில்லாமல் உள்ளறையில் படுத்திருந்தார். அக்கா என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, உங்களுக்குச் சொல்லாமல் இருக்கேலாது. எங்களிட்டப் பாஸ்போர்ட் இல்லை. இருந்தது எப்பவோ முடிஞ்சு போச்சு. புதுசு எடுக்க வேணுமெண்டால் அந்த அரசாங்கத்திட்டத்தானே போய்க் கேக்கவேணும்?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ரினியூ செய்துகொள்ள வேண்டியதுதானே என்று வாய்வரை வந்துவிட்டது.

"இங்க அகதியாக் கேட்டுப் போட்டிருக்கிறம். மூண்டு வருசமாப் பதில் இல்லை. வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது எண்டு லோயர் சொல்லிப்போட்டார். நயாகராவில அந்தப் பாலத்தைத் தாண்டியிருந்தாலும் அவ்வளவுதான்."

"அக்கா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே..."

"இவர் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். தெரிஞ்சால் எல்லாரும் இரக்கப்படுவினம். கஞ்சன் எண்டு நினைச்சால் நினைக்கட்டும், அது பரவாயில்லை எண்டவர்."

எனக்கு முகம் எரிந்தது. எண்பத்து மூன்றில் நடந்ததையெல்லாம் ஊரிலிருந்து வந்த பத்திரிகைகளில் படித்து விக்கி விக்கி அழுதவள் நான். பேப்பரில் இருந்தவர்களுக்காக அழத் தெரிந்த எனக்கு, எதிர் பிளாக்கில் இருந்தவரிடம் என்ன கேட்கிறோம் என்று தெரியவில்லை. தமிழ் பேசுகிறார், நம்மைப் போல சாதம் சாப்பிடுகிறார், அதனால் நம்மைப் போலவே அவர் பெட்டியிலும் ஒரு பாஸ்போர்ட் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். விசாவுக்கு வரிசையில் நின்றதைப் பெரிய துன்பமாக இந்த அம்மாளிடமே வந்து சொல்லியிருக்கிறேன்! அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், மன்னித்துவிடச் சொன்னேன்.

"அழாதேங்கோ. தெரிஞ்சு செய்தனீங்களோ? ஆனால் பிள்ளைக்குத்தான் நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. அதுக்கு என்ன சொல்லுறது எண்டுதான்..."

அப்போது ஸ்கூல் பஸ் வந்து நின்றது. அந்தப் பெண் உள்ளே ஓடி வந்தது. மேசையில் இருந்த பாரங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "இஸ் தட் ஃபார் ரோம், ஆன்ட்டி?" என்று கேட்டது. நான் வாயைத் திறந்தேன். அங்கிளுக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்களே போகவில்லை என்று ஏதாவது சொல்லிவிடலாம் என்று. அக்கா கூடாது என்பது போல மெல்லத் தலையசைத்தார்.

"பொய் வேண்டாம். நீங்கள் போங்கோ. நான் சொல்லுறன்."

நான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் பாரங்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அண்ணா விழித்துத்தான் இருந்தார்.

நாங்களும் போகவேண்டாம் என்று அன்று சாயந்தரம் முடிவு செய்தேன். மறுநாள் காலை அக்காவே போன் செய்து, நீங்கள் போகாவிட்டால் அந்தப் பாரமும் எங்கள் தலையில்தான் விழும், தயவுசெய்து போங்கள் என்றார். அன்றைக்கு ஸ்கூல் பஸ்ஸில் அந்தப் பெண் தான் வரைந்த மேப்பைச் சுருட்டி என் மகளிடம் கொடுத்துவிட்டது. வீடு கிடைக்காததால் ஒரு சின்ன ஹோட்டல் அறையில் நால்வரும் தங்கினோம். ரைஸ் குக்கரைச் செருகியதுமே அது புகைந்து போனது. அங்கே கரண்ட் வேறு என்பது எல்லாம் தெரிந்த எனக்குத் தெரியவில்லை. மற்ற நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

ஒவ்வொரு நாளும் என் மகள் அந்த மேப்பை விரித்து, அதில் போட்டிருந்த வழியிலேயே எங்களைக் கூட்டிப்போனாள். எங்கே ஐஸ்கிரீம் என்பதுகூடக் குறித்திருந்தது. ஒரு பெரிய நீரூற்றின் பக்கத்தில் குச்சி குச்சியாக மனிதர்களை வரைந்திருந்தது. என் மகன் விரலை வைத்து எண்ணினான். "அம்மா, செவன் பீப்பிள் இருக்காங்க. வேர் ஆர் த அதர் த்ரீ?" என்று கேட்டான். சுற்றிலும் கூட்டம் காசு எறிந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் பையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

ஊர் திரும்பிய பிறகுதான் எனக்கு உண்மையான தண்டனை ஆரம்பித்தது. நான் சொன்ன கேலி அண்ணாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தீபாவளி, பிறந்தநாள், பிக்னிக் எதுவானாலும் யாராவது ஒருவர், "அண்ணே, லாக்கர் சாவி கிடைச்சுதா?" என்று ஆரம்பிப்பார். புதிதாக வந்தவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போல இருக்கும். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணத்தைச் சொன்னால் அவர் மறைத்துவைத்தது வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் அண்ணா சிரித்துக்கொண்டே ஒரு நொடி என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். பரவாயில்லை தங்கச்சி என்று சொல்கிற பார்வை அது. அதைத் தாங்குவதைவிட அவர் எழுந்து என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

சில வருடங்கள் கழித்து அவர்களுக்குக் கிரீன் கார்டு வந்தது, பிறகு பாஸ்போர்ட்டும் வந்தது. இப்போது டெக்சாஸில் மகளோடு இருக்கிறார்கள். இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். அண்ணா அதே சிரிப்போடு, "எழுதுங்கோ தங்கச்சி. பேர் மட்டும் போடாதேங்கோ" என்றார்.

நான் அவரைக் கேலி செய்தது நாற்பது பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டதோ கதவைச் சாத்திய ஓர் அடுக்களையில், அதுவும் அவரிடம் இல்லை, அவர் மனைவியிடம். இதைப் படிக்கிறவர்கள் அந்த நாற்பது பேரைவிட அதிகமாக இருப்பார்கள் என்று நம்பித்தான், அண்ணா, இத்தனை வருடம் கழித்து எல்லோர் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.