பச்சை விளக்கு

அலுவலகத்தில் அவருக்குப் பச்சை விளக்கு என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே சார். வீட்டுக் கதவில் மாட்டும் மின்பூட்டு, தொட்டிலைப் பார்த்தபடி நிற்கும் கேமரா, நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப் என்று எது வந்தாலும், இணையம் வழியாக வெளியாள் எவனாவது அதற்குள் புகுந்துவிட முடியுமா என்று சோதிப்பது அந்த நிறுவனத்தின் வேலை. முடியும் என்றால் திரையில் சிவப்பு விளக்கு; முடியாது என்றால் பச்சை, ஒரு முத்திரையும் ஒட்டி அனுப்புவார்கள். அவர் மேசைக்கு வந்த சாமான் எதுவும் பல வருடங்களாகச் சிவப்பு வாங்கியதில்லை. வந்ததெல்லாம் பச்சை. தயாரிப்பாளர்களுக்கு அவரைக் கண்டால் அப்படி ஒரு பிரியம். அதைத் தன் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைப்புக்கு யாரும் சோதனை வைப்பதில்லை அல்லவா.

உருப்படியாக அவர் செய்தது ஒன்றே ஒன்று. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சோதனை நிரல் எழுதினார். அதைச் சாதனத்துக்குள் இறக்கிவிட்டால் மூலை முடுக்கெல்லாம் முட்டிப் பார்க்கும். ஓட்டை இருந்தால் கத்தும். அதற்கு வேட்டைநாய் என்று பெயர் வைத்தார். அன்றைக்கு வந்த சாமான்களில் எல்லாம் ஒரே இனத்துப் புராசசர், அதாவது சாமானுக்கு மூளையாக இருக்கும் சில்லு. நாயும் நாலைந்து பெரிய ஓட்டைகளைப் பிடித்தது. ஒரு கேடயம் கொடுத்தார்கள், ஒரு மாநாட்டில் பேசச் சொன்னார்கள். அதோடு அவருக்குத் தலையில் கொம்பு முளைத்துவிட்டது.

பிறகு சாமான்களுக்குள் வேறு வேறு இனத்துப் புராசசர்கள் வரத் தொடங்கின. ஒன்றுக்கென்று கட்டிய நிரல் மற்றொன்றின் மேல் ஓடாது. அதே நிரலை ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியாகக் கட்டி எடுக்க வேண்டும். அந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அவருக்கும் தெரியும். ஆனால் மெனக்கெட வேண்டுமே. பழைய நாயையே எல்லாவற்றுக்குள்ளும் இறக்கினார். முன்பு அரைநாள் பிடித்த சோதனை இப்போது தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. பார்ப்பவனுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டாமா? அவருக்கு வரவில்லை. "இப்பல்லாம் கம்பெனிக்காரங்க ரொம்ப நல்லா செய்யறாங்க" என்று மெச்சிக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவர்களை உட்கார வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்று மணிக்கணக்கில் அறிவுரை சொன்னதும் அதே வாயால்தான்.

அவரை நிஜமாகவே நம்பிய ஒரு ஜீவன் உண்டு என்றால் அது அவருடைய அக்கா. அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள்; காலையும் மாலையும் ஒரு நர்ஸ் வந்து போவாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய், கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். வலிக்கு மருந்து ஏற்ற கட்டில் ஓரத்தில் ஒரு பம்ப் எந்நேரமும் ஓடும். மருத்துவமனையிலிருந்தே அளவைப் பார்த்துக்கொள்வதற்காக அதற்கு இணைய வயர் செருகியிருந்தது. கடையிலிருந்து வீட்டுக்கே வந்து மூன்று விதமான பம்ப் காட்டினார்கள். தம்பி ஒட்டிய முத்திரை எதில் இருக்கிறது என்று கேட்டு அதை வாங்கினாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த முத்திரையைக் காட்டினாள்.

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு சோதனைக்காரி வந்து சேர்ந்தாள். வேறொரு கம்பெனியில் இதே வேலையைப் பல காலம் பார்த்தவள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பாள், அவ்வளவாகப் பேசமாட்டாள். நாய் எந்தப் புராசசருக்குக் கட்டியது என்று வந்த அன்றே கேட்டாள். "எல்லாத்துக்கும்தாம்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். சில நாள் கழித்து ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"சார், இதுல பாஸ்வேர்டை நானே எடுத்துட்டேன். ரோட்ல போறவன்கூட உள்ள வரலாம். உங்க நாய் பச்சை காட்டுது."

"நெட்வொர்க் ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும்."

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு. உங்க புரோகிராம் இந்தப் புராசசர் மேல ஓடவே இல்லை சார். உள்ள போன உடனே செத்துடுது. வெளியில காத்துக்கிட்டு இருக்கிற உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு குரைப்பும் கேக்கலை. அதனால பச்சை போட்டுடுது."

அவர் ஏதோ சப்பைக்கட்டு கட்டப் பார்த்தார். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"மருந்து பம்ப்பும் இதே இனம்தான். அதுக்குன்னு சரியாக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். யாரு வேணா உள்ள போயி மருந்து அளவைக் கூட்டலாம். முத்திரையை வாபஸ் வாங்கணும், எல்லாரையும் வயரைக் கழட்டச் சொல்லணும். கையெழுத்து உங்களுது. நீங்க சொன்னாத்தான் மரியாதையா இருக்கும். சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன், அப்புறம் நானே மேலிடத்துல சொல்லிடுவேன்."

பம்ப் என்று கேட்டதும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மற்றச் சாமான்களுக்கு, மற்ற மனிதர்களுக்கு அசையாத ஆள். "தலைவலிக்குதும்மா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். வழியில் அவர் யோசித்ததெல்லாம் தன் கேடயத்தையும், பெயரையும், அக்காவையும் பற்றித்தான். அந்த முத்திரையை நம்பி இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை கட்டில் என்ற கேள்வி அந்தப் பெரிய மூளைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா விழித்துத்தான் இருந்தாள். அவர் கட்டில் ஓரம் குனிந்து பம்பிலிருந்து இணைய வயரைப் பிடுங்கினார்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா. வயர் குறுக்க கிடக்கு. காலைத் தடுக்கும்."

"நான் எழுந்து நடந்தாத்தானே தடுக்கும்?"

அவருக்குக் காது சிவந்தது. பல வருடங்களில் அவரிடமிருந்து வந்த முதல் சிவப்பு அதுதான்.

"பொய் சொன்னா உனக்குக் காது காட்டிக் கொடுத்துடும். என்னன்னு சொல்லு."

அரையும் குறையுமாகச் சொன்னார். சின்னத் தவறு என்றார், யாருக்கும் நடக்கக்கூடியது என்றார். வெளியிலிருந்து ஒருவன் மருந்தைக் கூட்டிவிடலாம் என்பதை மட்டும் மென்று விழுங்கிச் சொன்னார்.

"எதிர் வீட்டு டீச்சருக்கும் இதே பம்ப்தான். என் தம்பி பார்த்து விட்ட மெஷின்னு நான்தான் சொல்லி வாங்க வச்சேன். அவங்க வயரைக் கழட்டிட்டியா?"

"அவங்களுக்கெல்லாம் ஆபீஸ்லேருந்து முறைப்படி சொல்லுவாங்கக்கா. கொஞ்சம் நாளாகும். எனக்கும் பேர் கெடாம, பக்குவமாப் பேசி..."

"என்னுது இன்னைக்கு. அவங்களுது கொஞ்சம் நாள் கழிச்சு."

"நீ என் அக்கா."

"வயரைக் குடு."

கொடுத்தார். பாதுகாப்பான இடத்தில் எடுத்து வைப்பாள் என்று நினைத்திருப்பார். அவள் பக்கவாட்டில் சாய்ந்து, கையை நீட்டி, வயரைப் பழையபடி பம்பில் செருகினாள். பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரியத் தொடங்கியது. செருகிய இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, விளையாடாத. அது நிஜமாவே ஆபத்து."

"தெரியுது. நீ வந்த வேகத்துலயே தெரிஞ்சுது. எல்லார் வீட்டுலயும் கழட்டினப்புறம் என்னுதைக் கழட்டு. ஆபீசுக்குப் போன் போடு. நான் கேக்கற மாதிரி போடு."

அவர் கெஞ்சினார். கோபப்பட்டுப் பார்த்தார். கையைப் பிடித்து விலக்கப் போனவர், அவளுடைய மெலிந்த மணிக்கட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அழுகை வந்தது. அதுவும் தனக்காகத்தானா, அவளுக்காகவா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. பம்ப் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார்.

கண்ணாடிக்காரி உடனே எடுத்தாள்.

"நான்தாம்மா. இப்பவே மேலிடத்துல சொல்லிடு. சோதனை நடக்கவே இல்லைன்னு சொல்லு. என் பேரைச் சொல்லியே சொல்லு. எல்லாரையும் வயரைக் கழட்டச் சொல்லு."

"சரி சார். எந்தெந்தச் சாமான்?"

அக்கா கையை எடுக்கவில்லை. அவர் அந்தக் கையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பச்சை வந்தது எல்லாம்."