பிரிக்காத துவாலைகள்

என் சமையலறையில் ஒரு துணியின் வேலையை இன்னொரு துணி செய்யாது. தட்டு துடைக்க, கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்த வெள்ளைத் துணி. மேடைக்குப் பழைய பனியன். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்க, இரட்டையாக மடித்துத் தைத்த கனத்த துணி. வெள்ளைத் துணிகளை வாரம் ஒருமுறை சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து மாடி வெயிலில் உலர்த்துவேன். பழைய வேட்டிக்கு ஈடு கிடையாது. புதுத்துணி தண்ணீரைக் குடிக்காது, தள்ளிக்கொண்டே போகும்.

மகனுக்குக் கல்யாணமானதும் வேலைக்குப் பக்கமாக விழுப்புரத்தில் வீடு எடுத்தார்கள். ஞாயிறுதோறும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்படி முதலில் வந்தபோது மருமகள் எனக்குத் துவாலைகள் வாங்கி வந்தாள். சமையலறைக்கென்றே நெய்தவை, செங்கல் நிறக் கட்டம் போட்டவை. மேலே கண்ணாடித் தாள் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது.

"கிழிசலாவே வச்சிக்கினு இருக்கீங்களே அத்தே. இத மாட்டுங்க, கிச்சன் ஜம்முனு இருக்கும்."

எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அதனால்தான் பிரிக்கவில்லை. நல்லதாக வந்த எதையும் உடனே புழக்கத்தில் விட்டு எங்களுக்குப் பழக்கமில்லை. என் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகள் இன்றும் கிறிஸ்துமஸுக்குத்தான் கீழே இறங்கும். அந்தக் கோப்பைகளுக்குப் பக்கத்தில், பீரோவில், துவாலைகளை வைத்தேன். என் வீட்டில் அதைவிட மேலான இடம் இல்லை.

சில வாரம் கழித்துப் போர்வை எடுக்க பீரோவைத் திறந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அத்தே, டவலுக்கு மியூசியம் வச்சிட்டீங்க? டிக்கெட் எவ்ளோ?"

"அழுக்காயிடும்னு பத்திரமா வச்சிக்கினு இருக்கேன்மா. நாலு பேரு வர்றப்ப எடுக்கலாம்."

"அப்ப அந்த நாலு பேருல நான் சேத்தி இல்லியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன். அன்று மதியம் கை கழுவிவிட்டு எட்டிய துணியை எடுத்தாள். "அது தட்டு துடைக்கிறதும்மா" என்று அவள் கையிலிருந்து வாங்கினேன். வேறு துணி எடுத்துக் கொடுப்பதற்குள் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். "இருக்கட்டும் அத்தே."

வாங்காமல் விட்டிருக்கலாம். தட்டுத் துணியில் கை துடைத்தால் என்ன ஆகிவிடும்? கொதிக்க வைக்கத்தானே போகிறேன்.

அதன்பின் அவள் சமையலறைக்குள் வருவது குறைந்தது. "எதனா செய்யணுமா அத்தே?" என்று வாசலில் நின்றபடியே கேட்பாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்துவிட்டு, விருந்துக்கு வந்தவளைப் போலக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். மகனிடம் விசாரித்தேன்.

"உன் துணிக்கெல்லாம் தனித்தனி டிபார்ட்மென்ட்டும்மா. தப்பா தொட்டா பேஜாருன்னு பயப்படுறா. அவ வாங்கினது உனக்குப் புடிக்கலன்னு வேற நெனச்சிக்கினு இருக்கா."

மறுநாளே ரிப்பனைப் பிரித்தேன். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். சாயம் இறங்கியது. அலசி, உலர்த்தி, மறுபடி அலசி, தண்ணீரைக் குடிக்கும்வரை விடவில்லை. ஒன்றைச் சிங்க்குக்குப் பக்கத்து ஆணியில் கண்ணில் படும்படி மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வாசலில் நின்றே அதைப் பார்த்துவிட்டு, "அட, மியூசியத்த தொறந்துட்டாங்க!" என்றாள். எனக்கு உயிர் வந்தது. உள்ளே வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஈரக் கையோடு துவாலைக்கு முன்னால் தயங்கினாள்.

"இதுல எத துடைக்கணும் அத்தே?"

"எத வேணா துடைம்மா" என்றேன்.

அதற்குள் அவள் கை துப்பட்டாவுக்குப் போய்விட்டிருந்தது.