வான் அன்ரி சொல்லிக்கொண்டு போன நாள்

என் காரின் முன் இருக்கையில் எப்போதும் ஓர் எழுத்து அட்டை கிடக்கும். தாளைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிளிப்பிலிருந்து நீல மினுக்கு நாடா ஒன்று தொங்கும். அதன் நுனியில் ஒரு பேனா. சியர்லீடிங் ஆடும் பிள்ளைகள் கையில் வைத்துக் குலுக்குகிற பொம்பொம் குஞ்சத்திலிருந்து வெட்டிய நாடா அது. பேனாக்கள் எத்தனையோ மாறிவிட்டன, நாடா மட்டும் அதேதான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் யாரிடமாவது பேனாவைக் கொடுத்தால் திரும்பி வராது என்பதால் வான் அன்ரி அப்படிக் கட்டி வைத்தார். கட்டும்போது கொஞ்சம் நீளம் விட்டிருக்கலாம். ஒரு சாண்கூட இல்லை. கையெழுத்துப் போடுகிறவரும் அட்டையைப் பிடித்திருக்கிறவரும் தலையோடு தலை முட்டுமளவுக்கு நெருங்கினால்தான் எழுத முடியும். அந்த அட்டையை மடியில் வைக்கும்போதெல்லாம் எனக்குப் பதினொரு வயதாகிவிடுகிறது. வெளியே வெயிலும் தூறலும் ஒன்றாக விழத் தொடங்கிவிடும்.

வான் அன்ரி எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். பழைய பழுப்பு நிற வான் ஒன்று வைத்திருந்ததால் அந்தப் பெயர். அதன் பக்கக் கதவை உதைத்தால்தான் திறக்கும். சேலை கட்டியிருந்தாலும் யோசிக்காமல் உதைப்பார். அவரும் அம்மாவும் விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரே கிடங்கில், உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை செய்தார்கள். காலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போய் மாலையில் எங்கள் படலை வாசலில் இறக்கிவிடுவதும் அந்த வான்தான். அன்ரியின் மகளுக்கு என் வயது. குருவி மாதிரி இருப்பாள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பக்கத்துச் சமூக மண்டபத்தில் பிள்ளைகளுக்கு சியர்லீடிங் தொடங்கப்போகிறார்கள் என்ற செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். பதினாறு பிள்ளைகள் சேர்ந்தால் குழு, சேராவிட்டால் மண்டபத்தின் அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். அந்தப் பதினாறு பேரைச் சேர்ப்பதை அன்ரி தன் வீட்டுக் கலியாணம் போல எடுத்துக்கொண்டார்.

முதலில் இந்த நாட்டில் எல்லோரும் செய்வதுபோலத் துண்டுப் பிரசுரம் ஒட்டினார். மசாலாக் கடைக் கண்ணாடியில், கோயில் அறிவிப்புப் பலகையில், நூலகத்தில். இரண்டு கிழமை போயும் எங்கள் ஆட்களில் ஒருவர்கூட வரவில்லை. "பேப்பர் ஒட்டினா ஆர் வருவினம்? வீட்ட வந்து சொல்லேல்லை எண்டுதான் நினைப்பினம்" என்றார் வானுக்குள். அடுத்த சனிக்கிழமையே நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, படிவங்களை எவர்சில்வர் தட்டில் வைத்து கலியாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகச் சொல்லக் கிளம்பிவிட்டார். பழக்கதோசத்தில் குங்குமச் சிமிழும் தட்டில் ஏறியிருந்தது. மன்னாரிலிருந்து வந்த வேதக்காரக் கிறிஸ்தவர் வீட்டு வாசலில்தான் அது தட்டில் இருப்பதைக் கவனித்து இடுப்பில் செருகிக்கொண்டாராம். குட்டைப் பாவாடை போட வேண்டுமே என்று தயங்கிய தாய்மாரிடம், "இது எங்கட பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில செய்த ட்ரில் தானே, நீரும் கூம்பு கட்டி மேல ஏறி நிண்டனீர் தானே" என்று நினைவூட்டினார். சந்தைக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த மதுரைக்கார அக்கா, "ஆமா, நல்லாத்தான் இருக்கு, ஆனா எம்பொண்ண மேல நிக்க வைப்பீங்களா?" என்று கேட்டாராம். எல்லாத் தாய்மாருக்கும் தங்கள் பிள்ளை மேலேதான் நிற்க வேண்டும். கீழே நின்று தாங்கப் பிள்ளை தர ஒருவரும் இல்லை. "இதென்ன கோபுரமோ, முழுக்கக் கலசமா வைக்க" என்று அன்ரி தலையில் கைவைத்துக்கொண்டது அந்தக் கிழமை முழுவதும் எங்கள் தெருவின் பகிடி.

எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா போயிருந்தார். காலையில் வேலைக்குப் போனவர், மாலையில் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீடு தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. கதவுகள் சத்தமில்லாமல் மூடின, தொலைக்காட்சி படம் மட்டும் காட்டியது, அம்மா பேசினால் எங்கிருந்தோ பேசுவதுபோலக் கேட்டது. வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள். சோறும் கறியும் கொண்டுவந்தார்கள், எனக்குத் தலை தடவினார்கள். ஆனால் ஒருவர்கூட, போய்விட்டு வருவதாக, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை, எழும்பி அப்படியே போய்விடுவார்கள். அங்கே திரும்பி வருவதாகச் சொல்வது நல்லதில்லை என்பது எங்கள் வழக்கம். எனக்கு அது தெரியாது. பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று இருக்கையில் இருக்கமாட்டார். அப்பாவும் அப்படித்தானே போனார் என்று நினைத்துக்கொள்வேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகும் வந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. மாதக்கணக்கில் எங்கள் வீட்டிலிருந்து எல்லோரும் சொல்லாமலே போனார்கள்.

ஒருநாள் அம்மாவிடம் நேரே கேட்டேன், அன்ரி ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்று. அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஒரு வருசத்தில வாற ஆட்டைத் திவசம் முடியுமட்டும் எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் நல்லதுக்குச் சொல்ல வரமாட்டினம். சொல்லாத இடத்துக்கு நாங்களும் போறேல்லை" என்றார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. அன்ரி சொல்லக் கூடாது, சொல்லாமல் நாங்கள் போகக் கூடாது. இத்தனைக்கும் ஒவ்வொரு நாளும் இரண்டு பேரும் ஒரே வானில், அந்தப் படிவங்களை முன்னால் வைத்துக்கொண்டு, விரிவரை போய் வந்தார்கள். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று இன்னொருவர் பெருந்தெருவைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். எனக்குக் கோபம் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. திவசம் வருவதற்குள் குழு தொடங்கிவிடும், எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள், நான் மட்டும் தண்ணீருக்கடியில் இருப்பேன்.

பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள், ஒரு பிள்ளைதான் குறைகிறது என்று அன்ரியின் மகள் பள்ளியில் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை ஜன்னலடியில் இருந்தேன். வான் வந்தது. எங்கள் படலையருகில் கொஞ்சம் வேகம் குறைந்தது, பிறகு போய்விட்டது. ஹில்ஸ்பரோவில் யாரோ ஒரு வீட்டுக்கு, நடனமென்றாலே முகம் சுளிக்கிற ஒரு வீட்டுக்கு, பிள்ளை கேட்டுப் போயிருக்கிறார். அவர்கள் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேடிக்கொண்டிருந்த பதினாறாவது பிள்ளையின் வீட்டைத் தாண்டித்தான் அவ்வளவு தூரம் போனார் மனிதர்.

மறுநாள் சந்தையில் அம்மா கீரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் நழுவினேன். ஏவன்டேல் சந்தைக் காலைகள் எனக்கு எப்போதும் கனவில் பார்ப்பதுபோலத்தான் நினைவிருக்கின்றன. சேம்பங்கிழங்குக் குவியல்கள், கொத்தமல்லி ஈரம், எங்கிருந்தோ சோளம் அவிக்கும் ஆவி, அந்த ஆவிக்குள்ளிருந்து ஆட்கள் வருவதும் மறைவதும். அதற்குள் அன்ரி நின்றார். அட்டையை இடது கையில் தாழப் பிடித்தபடி யாரோ ஒரு பெண்ணிடம் சியர்லீடிங் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பேனாவைப் பிடித்தேன். நாடா கட்டை, நீளம் காணாது. அவர் சேலையில் முகம் உரசும் அளவுக்குக் கிட்டப் போய்த்தான், பதினாறாவது வரியில் என் பெயரை எழுதினேன். நாடா இழுபட்டதில் குனிந்து பார்த்தார்.

"அம்மா ஓமெண்டு சொன்னவவோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் எங்கட வீட்ட வந்து சொல்லேல்லையே."

வாய்க்காரி என்று ஊரில் எனக்குப் பெயர். அன்றைக்கு அதை வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டேன். அன்ரியின் முகம் என்னவோ ஆனது. ஆனாலும் பெயரை வெட்டவில்லை. அம்மா கூப்பிட நான் ஓடிவிட்டேன்.

திங்கட்கிழமை மாலை வழக்கம்போல வான் வந்து படலையில் நின்றது. அம்மா இறங்கினார். வழக்கமாக உடனே போய்விடுகிற வானின் எஞ்சின் அன்று நின்றது. அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்ரி கிடங்கின் மஞ்சள் மேலங்கியோடு இறங்கி, அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவின் பின்னால் வந்தார். தட்டு இல்லை, சிமிழ் இல்லை, நல்ல சேலையும் இல்லை. அம்மா தேத்தண்ணீர் போட்டார். அது இரண்டு பேருக்கும் முன்னால் ஆறியது. வசந்தகாலத்து வெயில் சாய்ந்து மேசைமேல் கிடந்தது. பயத்தில் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொல்ல வரேல்லை" என்று அன்ரி தொடங்கினார். "சொல்லக் கூடாதெண்டு எனக்குத் தெரியும். உம்மட பிள்ளை தானா வந்து பேரை எழுதிப்போட்டாள். வெட்டுறதோ விடுறதோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

அம்மா அட்டையைப் பார்த்தார். என் கோணல் எழுத்தைக் கனநேரம் பார்த்தார். "பிள்ளை விழமாட்டாளே?" என்றார் கடைசியில்.

"இவள் ஏன் விழுறாள். இவளுக்கு மேல நிக்கப்போறது என்ர மகள். விழுந்தா அவள்தான் விழுவாள். எனக்குக் கீழ நிக்கத்தான் ஒரு பிள்ளை வேணும், அதுக்குத்தான் ஒருத்தரும் தருகினமில்லை."

நான் கொஞ்சம் அகலமான பிள்ளை. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரிப்பு பாதியில் அழுகையாகி, அதைத் துடைத்துக்கொண்டே அம்மா பேனாவைப் பிடித்தார். நாடா கட்டையல்லவா. அன்ரி அட்டையோடு முன்னால் குனிய வேண்டியிருந்தது. இரண்டு பேரின் நெற்றியும் முட்ட, அப்படியே கையெழுத்து விழுந்தது. விழுந்த பிறகும் சற்றுநேரம் அவர்கள் நிமிரவில்லை.

பிறகு அன்ரி எழும்பி, எல்லோரையும்போல ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். இவரும் இப்படியே போகிறார் என்று நினைத்தேன். படலையைத் திறந்தவர் நின்றார், திரும்பினார். "போட்டு வாறன்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. அம்மா வாசலில் அசையாமல் நின்றார். பிறகு, "ஓம். வாங்கோ" என்றார். அன்ரி வான் கதவை உதைத்த சத்தத்தில் எங்கள் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் வடியத் தொடங்கியது. எனக்கு அப்படித்தான் இருந்தது, வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பின் வந்த நாட்களில் என் உள்ளங்கைகளில் அன்ரியின் மகளின் பாதம் இருந்தது. மேலே நிற்கிறவளுக்கு மண்டபம் முழுவதும் தெரியும். கீழே நிற்கிற எனக்கு ஒரு சப்பாத்தின் அடியும், மிக உயரத்தில் ஜன்னல்களும், அவற்றில் மிதக்கும் தூசியும்தான் தெரியும். ஆனாலும் அவள் எழும்புகிற அந்தக் கணத்தில் நானும் எழும்புவதுபோல இருக்கும். முதல் நிகழ்ச்சிக்கு அம்மா வந்தார். முன்வரிசையில் அன்ரி இடம் பிடித்து வைத்திருந்தும் உட்காராமல், கடைசியில் சுவரோடு நின்றார். என் பெயரைச் சொன்னபோது கைதட்டினார்.

பல வருடம் கழித்து, முழங்கால் பழுதான பிறகு அன்ரி அட்டையை என்னிடம் தந்தார். "ஒரு வீட்டையும் விட்டிடாதை" என்று மட்டும் சொன்னார். சென்ற இலையுதிர்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டில் அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, நானும் எல்லோரையும்போலச் சொல்லாமல் எழும்பி வந்தேன். அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இந்த வசந்தத்திலும் குழுவுக்குப் பிள்ளைகள் சேர்க்கிறேன். மூன்று சனிக்கிழமைகள் அவர்கள் இருக்கும் தெருவில் வீடு வீடாகப் போனேன். மூன்று தடவையும் அவர்கள் வீட்டுப் படலையைத் தாண்டியே போனேன். திவசம் முடியாத வீடு, பிறகு பார்க்கலாம் என்று கால்கள் தாமாகவே நடந்தன. அந்த வழக்கத்துக்காக ஒருகாலத்தில் அழுதவள் நான், ஆனாலும் அது எனக்குள் இருந்திருக்கிறது. மூன்றாம் தடவை திரும்பி வரும்போதுதான் ஜன்னலில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தியபடி என் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

உள்ளே போனேன். சொல்ல வரவில்லை, கேட்கத்தான் வந்தேன் என்று அன்ரியின் வார்த்தைகளையே அவள் மகளிடம் சொன்னேன். அவளுக்கு அந்தக் கதை தெரியும். பேனாவைப் பிடித்தாள். நெற்றிகள் முட்டின. முன்பு அவளைத் தாங்கியபோது அவள் முகம் இவ்வளவு கிட்டத்தில் எனக்குத் தெரிந்ததே இல்லை. அந்தப் பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்து, தன்னை மேலே நிற்க வைப்பார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

படலையடியில் நின்று திரும்பினேன். "போட்டு வாறன்" என்றேன். எனக்கு எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற அன்ரியின் மகள் வாசலில் நின்று, "ஓம். வா" என்றாள்.

காரில் ஏறி அட்டையை இருக்கையில் வைத்தபோதுதான் கவனித்தேன், கிளிப்பில் நீல நாடாவின் ஒரு சிறு நுனி மட்டும் இருந்தது. இத்தனை வருடம் தாங்கியது, அவள் கையெழுத்துப் போட்ட இழுப்பில் அறுந்திருக்கிறது. பேனா அவள் கையோடு உள்ளே போய்விட்டது. இறங்கிப் போய் வாங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு காரை எடுத்தேன். திரும்பி வருவதாகத்தான் சொல்லியிருக்கிறேனே.