கிழக்குக் கொம்பு

எங்கள் கொல்லையில் நின்ற புளியமரம் பாதி எங்களுடையது, பாதி பெரியப்பாவுடையது. பாகப்பிரிவினையில் வீடு, கிணறு, அண்டா, ஆட்டுக்கல் எல்லாம் ஒருவழியாகப் பிரிந்துவிட்டன. மரம் மட்டும் பிரியவில்லை. கவட்டைக்கு மேலே மேற்கே போகும் கொம்பு எங்களுக்கு, கிழக்கே போகும் கொம்பு அவர்களுக்கு என்று எழுதினார்கள். அடிமரம் யாருக்கு என்று எழுத மறந்துவிட்டார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் கொம்பிலிருந்து மாவு மாவாகத் தூள் கொட்ட ஆரம்பித்தது. நேர் கீழே எங்கள் அடுப்படி ஓடு. அம்மா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாமாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. வீட்டை ஒட்டி நிற்கும் மரங்களை, ஓடு உடையாமல் கொம்பு கொம்பாகக் கழித்து இறக்குவது அவர் தொழில். திருச்சுழிப் பக்கம் மரத்தை வெட்டிச் சாய்க்கிறவர்கள் நிறையப் பேர். நிற்க வைத்துக் கழிக்கிறவர் மாமா ஒருவர்தான் என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள். சாக்கில் சுற்றிய ரம்பம், கோடாலி, தேங்காய் நார்க் கயிறு இரண்டு, சுண்ணாம்பு டப்பா ஒன்று ஆகியவற்றோடு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். மரத்தில் ஏறி, கோடாலியின் பின்பக்கத்தால் கொம்பு நெடுகத் தட்டிக் கேட்டார். இறங்கி மரத்தை மூன்று தடவை சுற்றினார். பிறகு நேரே பெரியப்பா வீட்டுக்குப் போனார்.

"மச்சான், அக்கா கொம்பு உள்ள பூரா கூடு. அதை எறக்கிருவேன். ஆனா அதை மட்டும் எடுத்தா பாரமெல்லாம் ஒங்க பக்கம் வந்துரும். ஒங்க கொம்புலயும் நுனியில ஒரு கிளையை எடுத்துருவோம். இல்லாட்டி ஆடிக்காத்துக்கு மரம் ஒங்க வீட்டு மேலதான் வந்து படுக்கும்."

இதையே பின்னாளில் பாலிடெக்னிக்கில் எடை, தூரம் என்று படம் போட்டு ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். மாமா இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றை மடக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

பெரியம்மா முந்திக்கொண்டாள். "உளுத்தது அவுக கொம்பு, வைத்தியம் எங்க கொம்புக்கா? ஒங்க அக்கா சொல்லிக்குடுத்து அனுப்புச்சாக்கும்!"

"ஒங்க பாதியில என்னமும் பண்ணிக்கோ மாப்ளே," என்றார் பெரியப்பா. "எங்க பாதியில ஒரு இலை விழுந்தாலும் நடக்கிறது வேற."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா ஒரு மரத்தைப் பற்றிப் பேசினார். அவர்கள் இரண்டு மரங்களைப் பற்றிப் பேசினார்கள்.

வெட்டுக்கு முந்தின சாயங்காலம் மரத்திடம் சொல்லிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா மரத்தில் ஏறி, மேற்குக் கொம்பில் விரலால் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, "நாளைக்கு இது எறங்குது. குடியிருக்கிறவுக எல்லாம் வேற எடம் பாத்துக்கிருங்க," என்றார். அணில், காக்கை, புளியமரத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் மற்றவர்கள், எல்லோருக்கும் அது பொது. பிறகு சுற்றிலும் பார்த்தார். கீழே நான் மட்டும் இருந்தேன். கிழக்குக் கொம்பின் நுனிக் கிளைக்கு நகர்ந்து, அங்கேயும் ஒரு பொட்டு வைத்து, அதையே மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் பெரியப்பாவும் பெரியம்மாவும் பருத்திக் காட்டுக்குப் போயிருந்தார்கள். மாமா ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம், பிறகு மேலிருந்து மிச்சம் என்று அறுத்தார். பட்டை கிழியவில்லை. துண்டுகள் தொட்டில் மாதிரி ஆடி இறங்கின. அடுப்படியில் ஓர் ஓடுகூட நகரவில்லை. கிழக்குக் கிளையும் அப்படியே இறங்கியது. அறுத்த வாயிலெல்லாம் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசினார்.

மத்தியானம் பெரியப்பா பெரியம்மாவோடு வந்து பார்த்தார்.

"கயிறு கை தவறிருச்சு மச்சான்," என்றார் மாமா. "பெரிய கொம்பு வீசி வந்து ஒங்க கிளையில அடிச்சுப் பிளந்துபோச்சு. தொங்க விடக் கூடாதுன்னு அறுத்துட்டேன். தப்பு எம்மேலதான்."

பெரியப்பா தெருவே கேட்கும்படி கத்தினார். "கயிறு பிடிக்கத் தெரியாத பயலெல்லாம் தொழிலுக்கு வந்துட்டான்! ஒனக்குப் பொண்ணு குடுக்கிறவன் கதி என்னாகும்?"

பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மா மோர் கொண்டுவந்தாள். பெரியப்பா வாங்கிக் குடித்தார்.

என்னால்தான் தாங்க முடியவில்லை. "மாமாவுக்கு ஒண்ணும் கை தவறலை! நேத்தே ரெண்டு கொம்புலயும் பொட்டு வச்சு, ரெண்டுக்கிட்டயும் சொல்லிட்டாரு!"

பெரியப்பா செம்பைக் கீழே வைத்தார். கிடந்த கிளையைக் காலால் புரட்டினார். வெள்ளைப் பொட்டு இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அப்ப, தெரிஞ்சேதான் அறுத்திருக்க." இந்தத் தடவை அவர் கத்தவில்லை.

மாமா ரம்பத்தைச் சாக்கில் சுற்றினார். போகும்போது என் தலையைத் தொட்டு, "ஒண்ணுமில்ல தாயி," என்றார். அவர் பேரைக் காப்பாற்றிய என்னை அம்மா ஏன் அப்படித் தொடையில் கிள்ளினாள் என்று எனக்குப் புரியவில்லை. கை தவறுகிறவன் என்பதைவிடக் கை தவறாதவன் என்பது எப்படிக் கெட்ட பேராகும்?

ஆனது. அடுத்த வாரமே கொல்லையின் குறுக்கே முள்வேலி வந்தது. அடுத்தவன் கொம்பை அறுக்கிறவன் என்ற பேச்சு மல்லாங்கிணறு கடைவீதி வரை போயிற்று. மாமாவைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள்.

ஆடி வந்தது. மேற்கே புழுதி கிளம்பி வானம் செம்மண்ணாயிற்று. புளியமரம் முனகியது, வளைந்தது, திரும்ப நிமிர்ந்து நின்றது. "விழுந்துரும்னான் ஒந்தம்பி, விழுந்துச்சா?" என்று பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. மாமா சொன்னது பொய்யாகிவிட்டதே என்று துக்கமாகவும் இருந்தது. காற்று பலமாக அடித்த ஒவ்வொரு நாளும் கொல்லை வாசலில் உட்கார்ந்து, இன்றைக்காவது மரம் கிழக்கே சாய வேண்டும் என்று கண்ணை மூடிச் சாமி கும்பிட்டேன். கிழக்கே, அவர்கள் வீட்டு ஓட்டுக்குக் கீழே, பெரியப்பாவின் பிள்ளைகள் மூன்று பேரும் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.