தொப்பியில்லாத தித்தோ

பொத்தோத்தான் ஊரில் பேனர் கட்டாத நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஒருத்தி நர்ஸ் பரீட்சையில் தேறினாலும் பேனர், ஒருவர் மண்டையைப் போட்டாலும் பேனர். அப்படிப்பட்ட ஊரில் பேனர் என்றாலே குலை நடுங்கிய ஒரே மனுஷி ஃபெலிசாதான்.

பன்னிரண்டு வருஷம் ஹாங்காங்கில் பிறத்தியார் வீட்டுக் கழிவறை தேய்த்துச் சேர்த்ததையெல்லாம் மணிலாக் கம்பெனியிடம் கொட்டி, சேவல் சின்னம் போட்ட சுட்ட கோழிக் கடை ஒன்றை எடுத்திருந்தாள். கடை அவளுடையது, சேவல் கம்பெனியுடையது. சேவலை எங்கே போடுவதானாலும் முன்கூட்டியே மணிலாவுக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். பதினைந்து வேலைநாள் பொறுக்க வேண்டும். பதில் வராவிட்டால் கூடாது என்று அர்த்தமாம். நல்ல நியாயம்! கேட்காமல் சேவலைப் போட்ட திருவிழா வாழ்த்துக்கு ஒரு எச்சரிக்கையும், அண்ணன் மகள் தேறியதற்குக் கட்டிய பேனருக்கு இன்னொன்றும் வந்திருந்தன. மூன்றாவது வந்தால் கடை பறிபோகும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தித்தோ செத்துப்போனான். கடை திறந்த நாள் முதல் பதினாலு வருஷம் அடுப்படியில் நின்று கோழி சுட்டவன். ஒருநாள் காலையில் கரியை மூட்டிவிட்டு, மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தொப்பியோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவன் மனைவி நெனித்தா ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினாள். சேவல் போட்ட தொப்பியும் ஏப்ரனுமாக ஈயென்று இளித்துக்கொண்டு நின்றான் தித்தோ.

“அவரு ஒழுங்கா நின்ன படம் இது ஒண்ணுதாங்க்கா. இதையே பேனர்ல போட்டுக் குடுங்க. ஒம்பது நாளும் வாசல்ல இருக்கட்டும்.”

ஃபெலிசாவின் கண் தொப்பியிலிருந்த சேவல்மேலேயே நின்றது. அன்றைக்கே மணிலாவுக்கு எழுதினாள். ஆனால் ஊர் வழக்கப்படி பெட்டியை ஒன்பது நாள்தான் வீட்டில் வைத்திருப்பார்கள், ஒன்பதாம் நாள் புதைத்துவிடுவார்கள். பதினைந்து நாளுக்குப் பிணம் காத்திருக்குமா? பேனர் அடிக்கும் ரோமெலிடம் போய், “அந்தத் தொப்பிய எடுத்துடு தம்பி” என்றாள்.

“எடுத்துட்டு மண்டைக்கு எங்கக்கா போறது? இவருக்கு முடி இருந்துச்சா, இல்லையா?”

பதினாலு வருஷம் பக்கத்தில் நின்றவளுக்கு அது தெரியவில்லை. தொப்பியில்லாமல் அவனை அவள் பார்த்ததே கிடையாது. “ஏதோ கொஞ்சம் வச்சுவிடு” என்றாள்.

ரோமெல் எவனோ பாட்டுக்காரனின் முடியை வெட்டி ஒட்டினான். ஏப்ரனை மறைத்து ஒரு கோட்டும் மாட்டிவிட்டான்.

சாவு வீட்டு வாசலில் பிணத்துக்குக் காவலாக விழித்திருந்து சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “செத்தப்புறம் மாப்பிள்ளை ஆயிட்டான்டா தித்தோ! வழுக்கைல நெல்லு வெளஞ்சிருக்கு பாரு!”

நெனித்தா சிரிக்கவில்லை. பெட்டியில் கிடந்தவனையும் பேனரில் நின்றவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாருக்கா இது?” என்று மட்டும் கேட்டாள். கடை போய்விடுமோ என்று பயந்த கதையைப் பிணத்துக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? ஃபெலிசா காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து மணிலாவிலிருந்து பதில் வந்தது. இரங்கல் பேனர் விளம்பரத்தில் சேராது, அதற்கு அனுமதியே தேவையில்லை, எங்கள் அனுதாபங்கள் என்று எழுதியிருந்தது. மூன்று தடவை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் ஃபெலிசா. பாவி, போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு அந்த நம்பரை அழுத்தவே அவளுக்குக் கை வரவில்லை.

அன்றே தொப்பியோடு புதுப் பேனர் அடித்து எடுத்துக்கொண்டு போனாள். பழைய பேனர் நெனித்தா வீட்டுச் சமையலறைக் கூரையில், ஒழுகுகிற இடத்தில் கட்டியிருந்தது. நெனித்தா புதியதைத் தரையில் விரித்து, தொப்பிமேல் கையை வைத்தாள்.

“இவருதாங்க்கா என் வீட்டுக்காரரு.”

“என்னை மன்னிச்சுக்கடி. வாசல்லயே கட்டிரலாமா?”

“இப்ப கட்டி யாருக்குக் காட்ட? வந்தவங்க எல்லாரும் அந்த முடிக்காரனுக்குத்தான் மெழுகுவத்தி ஏத்திட்டுப் போனாங்க” என்று சொல்லிவிட்டு, நெனித்தா பேனரை மடிக்கத் தொடங்கினாள்.