ராணி அப்படிப் பேசியிருப்பாளா

எங்கள் கம்பெனி வேனில் காலையில் ஏறுகிற பெண்கள் பதினெட்டுப் பேர். போன வருஷம் தீபாவளி சீசனில் அந்தப் பதினெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே போனில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து அரண்மனைக் கதை. ராஜா, ராணி, மந்திரி, யானை எல்லாம் உண்டு. ஆனால் வாயைத் திறந்தால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கு நிற்கிறவர்கள் பேசுகிற பேச்சுதான். மந்திரி கைகட்டி நின்று, "டென்ஷன் ஆகாதீங்க மன்னா" என்பார். ராணி ராஜாவைப் பார்த்து, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்பாள். வேனே குலுங்கும்படி சிரிப்பார்கள்.

எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஊர் நூலகத்தில் இருந்த சரித்திரக் கதைகளை ஒன்று விடாமல் வாசித்தவள். ராஜா காலம் என்றால் எப்படி இருக்கும் என்று இந்த வேனில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு. "ராணின்னா ஒரு மரியாதை வேண்டாமா? இவ தண்ணி லாரியில மல்லுக்கு நிக்கிறவ மாதிரில்ல கத்துறா" என்று நான் சொன்னால், "வாத்தியாரம்மா ஆரம்பிச்சுட்டாக" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும்.

கம்பெனி வாசலில் வேன் நின்றதும் போனை அணைத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கூடாது. அதனால் எந்த நாளும் கதை பாதியில்தான் நிற்கும். சாயங்காலம் திரும்ப வேன் ஏறுகிறவரை மிச்சக் கதையை எங்கள் வாய்தான் நடத்தும். இப்படி ஒரு தொடரை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் எடுத்தது ஒரு கதை என்றால், மத்தியானச் சோற்றுக்குள் நாங்கள் நாலு கதை முடித்திருப்போம்.

எங்கள் அறையில் பட்டாசுச் சரம் பின்னுகிற வேலை. மொத்தம் நாலு பேர். வயதில் மூத்த அக்கா ஒருத்தி, அந்த வருஷம் தை மாதம் கல்யாணமாகி வந்த புதுப்பெண் ஒருத்தி, நான், என் எதிரே உட்காருகிற தாயில்பட்டிக்காரி. மூத்த அக்காவுக்கு அந்தத் தொடர் உயிர். "ராணியும் நம்மள மாதிரிப் பேசுனாத்தான நமக்கு வெளங்கும்? நீ சொல்ற மாதிரிப் பேசுனா எவளுக்கு வெளங்கும்?" என்பாள். புதுப்பெண்ணுக்கு ராணியின் ஜாக்கெட் தையலில்தான் கண். தாயில்பட்டிக்காரி மட்டும் எதுவும் சொல்லமாட்டாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவள் புருஷனுக்கு வேறொரு கம்பெனியில் நடந்த விபத்தில் இரண்டு கையும் வெந்துபோய், அவர் வீட்டோடு இருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் ஒருத்தி உழைப்பில்தான். அதனாலோ என்னவோ, தலை நிமிராமல் பின்னிக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் காலையில் ராஜாவுக்குப் பால் வருகிறது. பாலில் விஷம் இருக்குமோ என்று ராஜாவுக்குச் சந்தேகம். ராணியைக் குடித்துப் பார்க்கச் சொல்கிறார். ராணி கிண்ணத்தை அவர் பக்கமே தள்ளி, "நான் மாட்டேன். என் உசுரு மட்டும் என்ன சும்மா கிடைச்சதா?" என்கிறாள். அந்த இடத்தில் வேன் வாசலுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்ததுமே நான் தொடங்கிவிட்டேன். "அந்தக் காலத்துல ஒருத்தி இப்படிச் சொல்லியிருப்பாளா? சொன்னா அடுத்த நிமிசம் தலை இருக்குமா? எந்தப் புஸ்தகத்துலயும் இப்படி ஒரு ராணி கிடையாது."

தாயில்பட்டிக்காரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "தலை போயிருக்கும்க்கா. அதான் புஸ்தகத்துல இல்ல. சொன்னவளுக எல்லாரையும் எளுதியா வச்சாக?"

அத்தனை புத்தகம் வாசித்த எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. எழுதப்படாதவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள், அவர்களும் வாய்விட்டுப் பேசித்தான் இருப்பார்கள் என்பது எவ்வளவு சாதாரண விஷயம். அதை இவள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். தோற்றதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், "உப்பு கூடிப்போச்சு இன்னைக்கு" என்று என் குழம்பைக் குறை சொன்னேன்.

அடுத்த வாரம் ஆர்டர் நெருக்கியது. மழையில் இரண்டு நாள் வேலை கெட்டிருந்தது. காலையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, போர்மேன் இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகம் சுளிக்காமல் அனுப்புவார். "இவுகளும் இங்கனயே உக்காரட்டும். நாளைக்கு லோடு ஏத்தணும். ஒரு நாளைக்குத்தான், அனுசரிச்சுக்கோங்க" என்றார்.

ஒவ்வொரு அறை வாசலிலும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். எங்களுக்கு நாலு. சரம் பின்னும்போது கை பட்டு, உரசி, ஒன்று பற்றினால் ஆளுக்கு ஒரு வாசலாக வெளியே பாய வேண்டும். அதற்குத்தான் நாலு பக்கமும் வாசல். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், சீசனில் ஆள் கூடினால் நாங்களே முழங்காலை மடக்கி இடம் விடுவோம். இதுவரை ஒருத்தரும் எங்களை மிரட்டியதில்லை. பஸ்ஸில் நெருக்கி உட்காருகிற பழக்கத்தில் அதையும் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்கும் நான் காலை மடக்கிவிட்டேன். மூத்த அக்கா நகர்ந்துவிட்டாள்.

தாயில்பட்டிக்காரி எழுந்தாள். கையில் இருந்த சரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள், வீசவில்லை. வெளியே போய் வாசலுக்கு எட்ட மண்ணில் நின்றுகொண்டு, "அவுக உக்காரட்டும்ணே. நான் வெளிய இருக்கேன்" என்றாள்.

"ஏத்தா, ஒன்னைய யாரு போகச் சொன்னா?"

"நாலு பேருக்குத்தானண்ணே அறை. இப்பவும் அஞ்சு பேரு இருக்காக. இன்னும் ஒரு ஆளு வெளிய வரணும்."

குரல் உயரவில்லை. சண்டையே இல்லை. தராசில் எடை கூடிவிட்டது என்று கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். போர்மேன் முகம் சிவந்தது. "வேலை வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார்.

"வேணும்ணே. ரெண்டு பிள்ளைக இருக்கு. அதுக்குத்தான் வெளிய நிக்கேன்."

நாங்கள் ஐந்து பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். புதிதாக வந்த இரண்டு பேரும் பாவம், எழுவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள். என் மனதில் ஓடியது எல்லாம் பயம்தான். இந்த வேலை போனால் அச்சங்குளம் பக்கம் எந்தக் கம்பெனியில் கேட்பது, சீசன் நடுவில் யார் சேர்ப்பார்கள் என்ற யோசனைதான். அதற்குள் என் கால் எழுந்துவிட்டது. நான் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை அங்கே தனியாக நிற்க வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றேன். போர்மேன் எங்கள் இருவரையும் பார்த்தார், ஆபீஸ் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் சேலை முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணுக்கு வருது. எந்திரிச்சா விளுந்துருவேன் போல இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நான் வாசித்த எந்தக் கதையிலும் வீரம் செய்தவர்களுக்கு இப்படி வந்ததாக இல்லை. இவ்வளவு பயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டா அவ்வளவு அமைதியாக நின்றாள் என்று பிரமித்துப்போனேன். அவளைத் தோளோடு அணைத்துக் கழிப்பறை வரை கூட்டிப்போய் வந்தேன்.

வெகுநேரம் கழித்துப் போர்மேன் திரும்பி வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அறை வாசலில் நின்று அந்த இரண்டு பெண்களையும் வெளியே கூப்பிட்டார். காகிதம் அடுக்கியிருந்த ஓர் அறையை ஒழித்து அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு எங்களிடம், "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

அவள் உடனே எழவில்லை. அந்த இரண்டு பெண்களும் படி இறங்கி வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சரத்தைப் பின்னத் தொடங்கினாள். நானும் போய் எதிரே உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் வாசல் மறிப்பில்லாமல் திறந்து கிடந்தது, அதன் வழியாகக் காற்று வந்தது. பதினோரு வருஷமாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். தன் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைத்து அவள் வெளியே போய் நின்றது என் உயிருக்கும் சேர்த்துத்தான் என்பது அந்தக் காற்று முதுகில் பட்டபோதுதான் எனக்கு உறைத்தது.