புள்ளி விழுந்த கல்

இல்லை, அந்த வைர மூக்குத்தியை விமலாக்கா அணிந்து நான் பார்த்ததே இல்லை. அதன் கல் எங்கள் ஆய்வக மேசை இழுப்பறையில், ஒரு ஃபிலிம் டப்பாவில், பஞ்சுக்குள் இருந்தது. வியாழன் காலை துறை அலுவலகத் தொலைபேசியில் அவருடைய தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க." ரிசீவரை வைத்துவிட்டு நான் முதலில் திறந்தது அந்த இழுப்பறையைத்தான். ஏன் என்று தெரியவில்லை.

விமலாக்கா எங்கள் நிலவியல் துறையில் ஆய்வு உதவியாளர். ஆவடிக்குப் பக்கம் கோவில்பதாகையில் தம்பி குடும்பத்தோடு வசித்தார். எண்பதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே நுண்ணோக்கி. மாலையில் ஒரே மின்ரயில். நான் அம்பத்தூரில் இறங்கிவிடுவேன். அவர் ஆவடிவரை தனியே போவார்.

கல்லின் கதையை ரயிலில்தான் சொன்னார். கல்யாணம் பேசி முடித்ததும், மூக்குத்திக்காக இவர் வீட்டில் வாங்கிய வைரம் ராசியானதா என்று பார்க்க மாப்பிள்ளை வீட்டில் அதை மூன்று நாள் வைத்திருந்தார்கள். கல்லுக்குள் ஒரு கரும்புள்ளி. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கல் திரும்பி வந்தது. சம்பந்தம் அதோடு முறிந்தது. பின்னால் பெண் பார்க்க வந்தவர்களும் கல்லைப் பற்றியே விசாரித்தார்கள். தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. பொட்டு வுயுந்த கல்லு ஊட்ல இருந்துகினா கொயந்தைக்கு ஆவாது."

மறுநாளே கல் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது.

நுண்ணோக்கியில் எனக்குக் காட்டினார். புள்ளி கறுப்பில்லை. ஊதாச் சிவப்பில், கார்னெட் போலத் தெரிந்த ஒரு கனிமத் துகள். சுற்றிலும் கரிபடிந்த நுண்ணிய விரிசல்கள். நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தில், பூமியின் கவசப் பகுதியில், கரிமம் வைரமாகும்போது பக்கத்தில் கிடக்கும் துகளை மூடிக்கொள்கிறது. பிறகு எரிமலைக் குழம்பு இரண்டையும் சேர்த்து மேலே கொண்டுவருகிறது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது. துகள் விரியப் பார்க்கிறது. வைரம் விடுவதில்லை. விரிசல்கள் அதனால்தான்.

"வெளிய எல்லாம் மாறிப்போச்சு. அதுக்கு மட்டும் தெரியாது. இன்னும் அங்கயே இருக்கிறதா நெனைச்சுக்கிட்டிருக்கு" என்றார்.

"உள்ள இருக்கிறது என்னன்னு உடைச்சுப் பாக்கலாமா அக்கா? எந்தப் பாறையில பொறந்ததுன்னு சொல்லிடலாம்."

கேட்டிருக்கக் கூடாது. எனக்கு அது ஆய்வக மாதிரிகளில் ஒன்றாக மட்டுமே தெரிந்தது. அவர் கல்லை எடுத்துப் பஞ்சில் சுற்றி டப்பாவை மூடிவிட்டார்.

ஒருமுறை பூந்தமல்லியில் நகைக்கடைக்காரர் ஒருவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு சாணை புடிச்சா புள்ளி காலி. அதும்மேல இன்னாம்மா அவ்ளோ பாசம்?"

"புள்ளி போயிட்டா மிச்சம் வெறும் வைரம்தானேங்க" என்றார் விமலாக்கா. தெருவுக்கு வந்தபின் இருவரும் நெடுநேரம் சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்து வேறொரு நாள் நான் பார்த்ததில்லை.

நோய் வந்தபின் ஞாயிறுகளில் போய்ப் பார்த்தேன். கடைசி ஞாயிறன்று குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அந்தக் கல்ல உடைச்சுடு."

"வேணாம்க்கா."

"நீதானே கேட்ட?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ராசியான்னு கேட்டாங்க. வெலை என்னன்னு கேட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னு நீ ஒருத்திதான் கேட்ட."

இத்தனை வருடம் அந்தக் கேள்விக்காக வெட்கப்பட்டிருக்கிறேன்.

துக்க வீட்டில் தம்பி மனைவி என்னைத் தனியே அழைத்தார். "அந்தக் கல்லு எங்க கீது?"

"எங்கிட்ட இருக்குங்க."

"பத்திரமா வச்சிக்கம்மா" என்று அழுதார்.

திங்களன்று, அக்கா சொன்னபடி, எஃகு உரலில் கல்லை வைத்தேன். ஒரே அடி. பெரிய சத்தம் இல்லை. சிதறலுக்குள் ஊசிமுனையால் தேடி எடுத்தேன். சிவப்புத் துகள் முழுதாக இருந்தது. இப்போது அதன்மேல் எந்த அழுத்தமும் இல்லை.

விமலாக்கா, இனி உங்களுக்கும் இல்லை. போய் வாருங்கள்.

பதிவேட்டில், மாதிரியைத் தந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். அன்று மாலை அம்பத்தூரில் இறங்கவில்லை. ஆவடிவரை போய்விட்டு, அடுத்த வண்டியில் திரும்பினேன்.